காலையில் ஏழு மாவட்டம், மாலையில் ஏழு மாவட்டம்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் அரிசி இருந்தது. அளந்து போடத் தராசு இருந்தது. தராசுக்குப் பின்னால் கடைக்காரர் இருந்தார். தராசுக்கு முன்னால் பையோடு பாட்டி இருந்தார். இல்லாமல் போனது ஒன்றே ஒன்று. ஹைதராபாத்.

2023 ஏப்ரல் கடைசி வாரம். கேரளத்தில் ரேஷன் கடைகள் 14,000-க்கு மேல். அத்தனையிலும், விரல் ரேகை பார்த்து அரிசிக் கணக்கு எழுதும் இ-போஸ் இயந்திரம் கையை விரித்தது. தேசியத் தகவலியல் மையத்தின் ஹைதராபாத் சர்வரில் கோளாறு, சரிசெய்ய இரண்டு நாள் வேண்டும் என்றார்கள். உணவுத் துறை அமைச்சர் ஜி.ஆர்.அனில் இரண்டு நாள் கடைகளை மூடச் சொன்னார். புயல் இல்லை. வெள்ளம் இல்லை. யாரும் எங்கும் குண்டு வைக்கவில்லை. நல்ல வெயில் காயும் ஒரு நாளில், ஒரு மாநிலத்தின் அரிசிக் கடை முழுவதும் பூட்டப்பட்டது.

இது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு மே 25 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் மேடையேறி, இந்தியாவின் முதல் முழுமையான மின்னாளுகை மாநிலம் கேரளம் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். முழுமை என்றால் முழுமைதான். கடையை மூடினாலும் முழுமையாக மூடுகிறோம் அல்லவா?

கோளாறு புதிதல்ல. 2022 ஜனவரியிலும் இதே கூத்து. சர்வர் சுமை தாங்கவில்லை. அதற்கு அரசு கண்டுபிடித்த மருந்தைக் கணினி வரலாற்றில் தனி அத்தியாயமாகச் சேர்க்கலாம். கேரளத்தில் 14 மாவட்டங்கள். ஏழு மாவட்டக்காரர்கள் காலையில் வாங்கட்டும், ஏழு மாவட்டக்காரர்கள் மாலையில் வாங்கட்டும். வருகிற வேலையைப் பல சர்வர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதற்கு லோட் பேலன்சிங் என்று பெயர். உலகம் முழுக்க அதைக் கணினி செய்கிறது. இங்கே வயிறு செய்தது. சர்வருக்கு மூச்சுத் திணறினால் மனிதன் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 2023-இல் மூடிய கடைகளைத் திறந்தபோதும் சில நாளுக்கு இதே ஏற்பாடுதான். வேலை செய்யாத மருந்தை இரண்டாம் முறையும் எழுதிக் கொடுத்தார்கள்.

2024 மார்ச்சில் அடுத்த காட்சி. மஞ்சள் அட்டை, இளஞ்சிவப்பு அட்டை வைத்திருக்கும் ஏழைகள் அனைவரும் கடைக்கு வந்து விரல் ரேகை வைத்து, நான் நானேதான் என்று நிரூபிக்க வேண்டும். மஸ்டரிங் என்று அதற்குப் பெயர். ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல். அதற்காக மார்ச் 15, 16, 17 மூன்று நாளும் அரிசி விநியோகத்தை நிறுத்தினார்கள். முதல் நாளே சர்வர் படுத்தது. இளஞ்சிவப்பு அட்டைக்காரர்கள் திரும்பிப் போங்கள், மஞ்சள் மட்டும் நில்லுங்கள் என்றார்கள். பிறகு மஞ்சளும் போகலாம் என்றார்கள். அரிசியும் இல்லை, ரேகையும் இல்லை. கூலியும் போச்சு.

மட்டாஞ்சேரியின் எந்தக் கடை வாசலிலும் கேட்கக்கூடிய பேச்சு இது.

"செர்வர் இல்லம்மா."

"எப்ப வரும் சேட்டா?"

"அது அவங்களுக்கே தெரியாதும்மா. நாளைக்கு வந்து பாரு."

நாளைக்கு என்பது என்ன விலை? பஜார் ரோட்டு கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவருக்கு ஒரு நாள் கூலி. பக்கத்தில் ஃபோர்ட் கொச்சி டோபிக் கானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு நாள் வெளுப்பு. ஜூ டவுனில் படம் எடுக்க வரும் சுற்றுலாப் பயணி இந்த வரிசையையும் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார். பாரம்பரியம் என்று நினைத்திருப்பார். தவறில்லை. பாரம்பரியமாகத்தான் நிற்கிறோம்.

சர்வர் டவுன் என்றால் ஏதோ விதி, கிரகம், கடல் சீற்றம் என்பதுபோலச் சொல்லிப் பழகிவிட்டார்கள். நாமும் கேட்டுப் பழகிவிட்டோம். அது விதி அல்ல. விழும் சர்வரை எழுப்பும் வித்தை பல ஆண்டுகளாக உலகத்துக்குத் தெரியும். அது என்ன என்று ஒரு தடவை தெரிந்துகொண்டால் கோபம் இன்னும் சரியான ஆள் மேல் போகும்.

முன்பு சர்வர் என்றால் இரும்புப் பெட்டி. பெட்டி எரிந்தால் கதை முடிந்தது. இன்று பெரும்பாலான சர்வர்கள் மெய்நிகர் இயந்திரங்கள். ஒரு பெரிய கணினிக்குள் பத்து, இருபது என்று குடியிருப்பவை. ஒவ்வொன்றும் உண்மையில் சில கோப்புகள்தான். கோப்பு என்பதால் நகல் எடுக்கலாம். ஹைதராபாத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் நகலை வேறு ஊரில் தயாராக வைக்கலாம். இங்கே எழுதும் ஒவ்வொரு கணக்கும் அங்கேயும் போய்ச் சேரும். இது விழுந்தால் அது எழும். முகவரியை மாற்றிவிட்டால் மட்டாஞ்சேரி இ-போஸ் இயந்திரத்துக்கு ஊர் மாறியதே தெரியாது.

தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கண்ணாடி இழையில் ஒளி 200 கிலோமீட்டர் போக ஒரு மில்லிநொடி ஆகும். அதனால் நூறு கிலோமீட்டருக்குள் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் எழுதிவிடலாம், ஒரு கணக்கும் தொலையாது. தொலைதூர நகல் சில நொடியோ சில நிமிடமோ பின்தங்கி வரும். எவ்வளவு பின்தங்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். எத்தனை நிமிடத்தில் எழ வேண்டும் என்றும் முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டு எண்ணும் எழுதப்படாத இடத்தில் பேரிடர் மீட்பு என்று எதுவும் கிடையாது. இருப்பது பவர்பாயிண்ட் மட்டும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. ஒத்திகை. நகல் இயந்திரத்தை எழுப்பிப் பார்க்க வேண்டும். முதலில் தரவுத்தளம் எழ வேண்டும், பிறகுதான் அதை நம்பி ஓடும் செயலி எழ வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் எழுந்து எல்லாம் செத்துக் கிடக்கும். கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, அவர் லீவில் இருக்கிறாரா, மென்பொருள் உரிமம் அந்த ஊரில் செல்லுமா, இத்தனையும் ஒத்திகையில்தான் தெரியும். ஒத்திகை பார்க்காத மாற்று மையம், பழைய சினிமாக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த சிவப்பு மணல் வாளிதான். 'தீ' என்று எழுதியிருக்கும். உள்ளே வெற்றிலை எச்சில் இருக்கும். வாளி நெருப்புக்காக மாட்டியதல்ல, சோதனைக்கு வரும் அதிகாரிக்காக மாட்டியது.

நம்மிடம் ஊர் இல்லையா? தேசியத் தகவலியல் மையத்துக்கு 2023-லேயே டெல்லி, புனே, ஹைதராபாத், புவனேஸ்வர் என்று நான்கு ஊர்களில் தேசியத் தரவு மையங்கள் இருந்தன. கிளவுட் என்கிற மேகம் இல்லையா? 2014-லேயே அரசு மேகத்துக்கு மேகராஜ் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். நான்கு ஊர், ஒரு மேகம், அதற்கு ராஜா பட்டமும் உண்டு. இந்தப் பரிவாரத்தில் இரண்டு நாளுக்கு அரிசிக் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடைக்கவில்லை.

கம்பி இல்லையா? கொச்சியில் இருந்துகொண்டு அப்படிக் கேட்டால் கடல் சிரிக்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீஷியஸ் வழியாக மலேசியா போகும் சேஃப் என்ற கடலடிக் கேபிள் 2002-இலிருந்து கொச்சியில் கரையேறுகிறது. 2024 ஜனவரியில் லட்சத்தீவுக்கும் கொச்சியிலிருந்து கேபிள் போட்டுப் பிரதமர் திறந்துவைத்தார். மாநிலத்தின் கே-ஃபோன் இணையத் திட்டத்தின் கட்டுப்பாட்டு மையம் இதே கொச்சி இன்ஃபோபார்க்கில் இருக்கிறது. கொச்சியிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்முனை வரை வழி இருக்கிறது. மட்டாஞ்சேரிப் பாட்டியின் கட்டைவிரலிலிருந்து இரண்டு அடி தள்ளி இருக்கும் அரிசி மூட்டை வரை வழி இல்லை.

அந்தக் கட்டைவிரலின் யாத்திரையைப் பாருங்கள். ரேகை முதலில் திருவனந்தபுரத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஆதார் ஆணையத்துக்கு. ஆணையத்தின் தரவு மையங்கள் ஹரியானாவின் மானேசரிலும் பெங்களூருவிலும் உள்ளன. விநியோகக் கணக்கு ஹைதராபாத்துக்கு. இதில் எந்த ஊர் இருமினாலும் மட்டாஞ்சேரிக்குக் காய்ச்சல். உடனே அறிக்கைகள் கிளம்பும். தேசியத் தகவலியல் மையம்தான் காரணம் என்று திருவனந்தபுரம் சொல்லும். மாநிலத்தின் பக்கம்தான் கோளாறு என்று அந்தப் பக்கம் சொல்லும். தரவு நகலாவதில்லை. பழி மட்டும் இரண்டு மையத்துக்கும் உடனுக்குடன் நகலாகிறது, ஒரு மில்லிநொடிகூடப் பின்தங்காமல்.

மாநிலத்தின் சொந்தத் தரவு மையங்கள் இரண்டு. ஒன்று திருவனந்தபுரம் பாளையத்தில் கோபாங்க் டவர்ஸ் கட்டடத்தில், மற்றொன்று அதே திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் தேஜஸ்வினி கட்டடத்தில். ஒரே ஊர். மழை வந்தால் இரண்டுக்கும் ஒரே மழை.

சரி, இந்த நாட்டுக்கே இந்த வித்தை தெரியாது என்று மன்னித்துவிடலாமா? மன்னிக்க முடியாது. தெரியும். நன்றாகவே தெரியும். யாருக்காகச் செய்வது என்பதில்தான் தெளிவாக இருக்கிறார்கள்.

2021 பிப்ரவரி 24. மும்பையில் தேசியப் பங்குச் சந்தை காலை 11.40 மணிக்கு நின்றுபோனது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் கோளாறு. அதன் பேரிடர் மீட்பு மையம் நம் சென்னையில் இருக்கிறது. கோடி கோடியாகக் கொட்டிக் கட்டியது. அன்று அதைத் தொடவே இல்லை. மாலை 3.45-க்குத்தான் வணிகம் மீண்டும் தொடங்கியது, 5 மணி வரை நீட்டித்தார்கள். நான்கு மணி நேரம்.

நான்கு மணி நேரத்துக்கு என்ன நடந்தது தெரியுமா? நாடே அதிர்ந்தது. நிதி அமைச்சகம் கேட்டது. பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் செபி கேட்டது. தொலைக்காட்சி நிபுணர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது. முக்கிய அமைப்பு நின்றால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து ஓட வேண்டும். 2023-இல் பங்குச் சந்தையும் அதன் தீர்வு நிறுவனமும் சேர்ந்து 72 கோடி ரூபாய்க்கு மேல் கட்டி அந்தக் கோளாறு தொடர்பான செபி வழக்கைத் தீர்த்துக்கொண்டன.

அதோடு விட்டார்களா? 2024 மார்ச் 2, சனிக்கிழமை. விடுமுறை நாள். பங்குச் சந்தையைச் சிறப்பாகத் திறந்தார்கள். காலையில் முக்கால் மணி நேரம் முதன்மை மையத்தில் உண்மையான பணம், உண்மையான வணிகம். பிறகு மாற்று மையத்துக்குத் தாவி, அங்கிருந்து ஒரு மணி நேரம் வணிகம். மே 18, இன்னொரு சனிக்கிழமை, மறுபடியும் அதே ஒத்திகை. பங்கு வியாபாரிக்கு ஒரு நிமிடம்கூடத் தடங்கல் வந்துவிடக் கூடாது என்று விடுமுறையில் வந்து பொத்தானை அழுத்திப் பார்க்கிறார்கள். நல்ல காரியம். மனமாரப் பாராட்டலாம்.

தேதியைக் கவனித்தீர்களா? மார்ச் 2 சனிக்கிழமை பங்குச் சந்தைக்கு வெற்றிகரமான ஒத்திகை. அடுத்து பதின்மூன்றாம் நாள், மார்ச் 15 வெள்ளிக்கிழமை, கேரளத்தில் ஒன்றரைக் கோடி ஏழைகளுக்கு மஸ்டரிங். ஒரே நாடு. ஒரே மாதம். ஒரே தொழில்நுட்பம். அங்கே 45 நிமிடம். இங்கே நாளைக்கு வந்து பாரு.

வங்கிகளையும் விடவில்லை. 2020 நவம்பரில் ஹெச்.டி.எஃப்.சி. வங்கியின் முதன்மைத் தரவு மையத்தில் மின்சாரம் போய்ச் சேவை நின்றது. டிசம்பர் தொடக்கத்திலேயே ரிசர்வ் வங்கி குட்டு வைத்தது. புதிய டிஜிட்டல் திட்டம் கூடாது, புதிய கிரெடிட் கார்டு கூடாது. தடை முழுதாக நீங்க 2022 மார்ச் ஆனது. முக்கிய அமைப்புகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது மீட்பு ஒத்திகை நடத்த வேண்டும் என்பது வங்கிகளுக்கு விதி. ரேஷன் கடைக்கு செபி யார்? ரேஷன் கடைக்கு ரிசர்வ் வங்கி யார்? அரசாங்கத்தின் சர்வர் விழுந்தால் அரசாங்கத்துக்கு யார் அபராதம் போடுவது? எந்த அதிகாரிக்குப் புதிய திட்டம் தொடங்கக் கூடாது என்று தடை வந்தது? புதிய திட்டங்கள்தான் மழைக்காளான் வேகத்தில் முளைக்கின்றனவே.

அரசாங்கம் தனியாருக்குப் பாடம் நடத்திவிட்டுத் தான் மட்டும் தேர்வுக்கு வராமல் இருப்பது இங்கே மட்டும் நடக்கும் கூத்தல்ல. தென்கொரியாவில் 2022 அக்டோபரில் தனியார் தரவு மையம் ஒன்று எரிந்து, நாடே பயன்படுத்தும் காகாவோ செயலி முடங்கியது. அரசு கொதித்தது, நிறுவனத் தலைவர்கள் தலைகுனிந்தார்கள், சட்டம் கடுமையானது. மூன்று ஆண்டு கழித்து, 2025 செப்டம்பர் 26 அன்று, டேஜோன் நகரில் அரசாங்கத்தின் சொந்தத் தரவு மையமே எரிந்தது. பேட்டரியை இடம் மாற்றும்போது பற்றிய தீ. 600-க்கு மேற்பட்ட அரசு அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் முழுதாகப் போனது. 858 டெராபைட். நகல்? இல்லை. ஏன்? அளவு பெரிதாம். பெரிய சொத்து என்பதால் பூட்டு போடவில்லை.

இலங்கையில் 2023. அரசின் மேகக் கணினியில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரசு மின்னஞ்சல் கணக்குகள். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த கடிதங்கள் தொலைந்தன. பேக்கப் இருந்தது. அதே வலைப்பின்னலில் இருந்தது. தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டியது. நகல் என்பது நல்லதை மட்டும் நகலெடுக்காது. நோயையும் விசுவாசமாக நகலெடுக்கும். கழற்றி வெளியே வைத்த ஒரு பிரதி வேண்டும் என்பதை அவர்கள் மூன்று மாதக் கடிதங்களைப் பறிகொடுத்துக் கற்றார்கள். நாம்? டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பரில் ஐந்து சர்வர்கள் இப்படியே பூட்டப்பட்டு, இரண்டு வாரத்துக்கு நோயாளிச் சீட்டைக் கையால் எழுதினார்கள். அதையும் பார்த்தோம். பார்த்ததோடு சரி.

தனியார் மேகம் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் 2021 மார்ச்சில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் மையம் எரிந்தபோது, சில வாடிக்கையாளர்களின் பேக்கப்பும் அதே வளாகத்தில் கருகியது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் முழு அமைப்பும் கூகுள் மேகத்திலிருந்து அழிந்தது. இரண்டு இடத்தில் நகல் வைத்திருந்தார்கள். இரண்டும் போனது. காரணம், கூகுள் ஊழியர் உள்கருவி ஒன்றில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டது. வேறொரு நிறுவனத்திடம் மூன்றாவது பிரதி வைத்திருந்ததால் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோரின் கணக்கு பிழைத்தது. அந்த மூன்றாவது பிரதியை வீண்செலவு என்று யாரோ ஒரு கூட்டத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார். எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். நம்மிடம் அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்துவிடுகிறது.

பேரிடர் மீட்பு என்றால் என்னவென்று கொச்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நெடும்பாசேரி விமான நிலையம் மூழ்கியது. 15-ஆம் தேதி மூடினார்கள். 20-ஆம் தேதியே பயணிகள் விமானம் இறங்கியது. எங்கே? மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில் உள்ள வெலிங்டன் தீவில், கடற்படையின் ஐ.என்.எஸ். கருடா ஓடுதளத்தில். மாற்று மையம், குறைந்த திறன், சிறிய விமானம், ஆனால் ஓடியது. பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டிய மீட்பு. அதே வெள்ளத்தில் கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டெண்டர் இல்லை. ஆலோசனை நிறுவனம் இல்லை. அவர்கள் 65,000 பேரை மீட்டதாக முதலமைச்சரே சொன்னார். விமானப் பயணிக்கு ஐந்து நாளில் மாற்று ஓடுதளம் கண்டுபிடிக்கத் தெரிந்த நாடு இது. வெள்ளத்தில் ஊரையே தூக்கிய மீனவர், வெயில் நாளில் தன் ரேஷன் அரிசிக்காக, காலை ஷிஃப்ட்டா மாலை ஷிஃப்ட்டா என்று விசாரித்துக்கொண்டு நின்றார்.

இப்போது எரிச்சலின் உச்சிக்கு வருவோம். ரேஷன் கடைக்கு மாற்று அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. மின்சாரம் வேண்டாம். கேபிள் வேண்டாம். தீநிரல் புகாது. கோடு போட்ட நோட்டு. ஒரு பேனா.

வேடிக்கையல்ல. மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர் 24 அன்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதிய உத்தரவு இருக்கிறது. ரேகை பதியவில்லை, நெட்வொர்க் இல்லை என்ற காரணத்துக்காக உரியவருக்கு அரிசியை மறுக்கக் கூடாது. விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு கொடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இன் எட்டாவது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. உரிய தானியம் கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் உணவுப் பாதுகாப்புப் படியைப் பணமாகத் தர வேண்டும். பங்குச் சந்தை கட்டிய 72 கோடி போல, இது நமக்குச் சட்டம் எழுதிவைத்த அபராதத் தொகை. வரிசையில் நிற்கிற யாருக்காவது இது தெரியுமா? கடைச் சுவரில் பிரதமர் படம் வேண்டும் என்று சண்டை நடந்தது. எட்டாவது பிரிவு எங்காவது ஒட்டியிருக்கிறதா?

கடைக்காரர் ஏன் நோட்டைத் திறப்பதில்லை? பயம். நோட்டில் எழுதிக் கொடுத்த அரிசி நாளைக்குச் சர்வர் கணக்கில் இடிக்கும். திருட்டு என்பார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். லைசென்ஸ் போகும். இயந்திரம் படுத்தால் இயந்திரத்துக்குத் தண்டனை இல்லை. மனிதன் வேலை செய்தால் அவனுக்குத் தண்டனை உண்டு. அதனால் அரிசி இருக்கிறது, உத்தரவு இருக்கிறது, நோட்டு இருக்கிறது, பாட்டி வெறும் பையோடு போகிறார்.

திருட்டைத் தடுக்கத்தான் இயந்திரம் வந்தது என்பார்கள். வரட்டும். ரேஷன் அரிசி கடத்தப்பட்டது உண்மை. போலி அட்டைகள் இருந்தது உண்மை. அதைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் திருடனுக்காகக் கட்டிய வாசலில் ஒவ்வொரு மாதமும் தடுக்கி விழுவது திருடனா, பாட்டியா?

மட்டாஞ்சேரி இதை வேறு உருவத்தில் பார்த்திருக்கிறது. கொச்சித் துறைமுகத்தில் முன்பு சாப்பா என்று ஒரு முறை இருந்தது. விடிகாலையில் வேலைக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் மேல் உலோக வில்லைகளை விட்டெறிவார்கள். பாய்ந்து பிடித்தவனுக்கு அன்றைக்கு வேலை. மிதிபட்டவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்து நின்றவர்கள் மேல் 1953 செப்டம்பர் 15 அன்று இதே மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. தொழிலாளர்கள் செத்தார்கள். சாப்பா ஒழிந்தது. இன்று யாரும் வில்லை எறிவதில்லை. ரேகை பதியாவிட்டால் கைபேசிக்கு ஓ.டி.பி. வரும் என்கிறார்கள். அது வருமா வராதா என்று திரையைப் பார்த்தபடி அதே தொழிலாளர்களின் பேரன் பேத்திகள் நிற்கிறார்கள். எறிகிறவன் முகம் மட்டும் தெரிவதில்லை. அவனுக்கு அதுவே வசதி.

ஆகவே அமைச்சர் அவர்களுக்கும், ஹைதராபாத் அதிகாரிகளுக்கும், டெல்லிக்கும் ஒரு வேண்டுகோள். புதிய செயலி வேண்டாம். புதிய பெயர் வேண்டாம். மேகத்துக்கு இன்னொரு பட்டாபிஷேகம் வேண்டாம். ஒரு சனிக்கிழமையைச் சொல்லுங்கள். அன்று ரேஷன் கடைகள் திறந்திருக்கும்போதே, கூட்டம் நிற்கும்போதே, ஹைதராபாத் முதன்மை சர்வரை நீங்களே அணையுங்கள். அணைக்கும்போது மட்டாஞ்சேரியில் ஏதாவது ஒரு கடை வரிசையில் வந்து நில்லுங்கள். பையோடு வாருங்கள். கடிகாரத்தைப் பார்ப்போம். பங்குச் சந்தைக்குக் கொடுத்த அதே 45 நிமிடத்தை உங்களுக்கும் தருகிறோம். அதற்குள் புவனேஸ்வரோ புனேயோ எழுந்து அரிசி போட்டால், நாங்களே கைதட்டுகிறோம். எழாவிட்டால் 46-ஆவது நிமிடத்தில் கடைக்காரர் நோட்டைத் திறக்கலாம், அவர் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு உத்தரவு அந்தச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

எந்தச் சனிக்கிழமை? தேதியை அறிவியுங்கள்.